நாற்பத்தொரு கழுதைப் படங்களும் ஒரு மன்னிப்பும்

மோஸா கோப்பைத் திறந்தார். முதல் பக்கத்தில் ஒரு கழுதை. புரட்டினார். இரண்டாம் பக்கத்திலும் கழுதை. மூன்றாவதிலும் அதே கழுதைதான், கொஞ்சம் மங்கலாக. காவல் நிலையத்து அச்சு இயந்திரத்தில் மை தீர்ந்துகொண்டே வந்திருக்க வேண்டும். பத்தாம் பக்கத்தில் அது கழுதையின் ஆவி போலத் தெரிந்தது.

எல்லாப் பக்கங்களையும் அவர் ஒரே வேகத்தில் புரட்டினார். முகத்தில் எந்த அசைவும் இல்லை. அரசு வழக்கறிஞர்களுக்கு அந்த முகத்தைப் பயிற்சியின்போதே கொடுத்துவிடுவார்கள் என்று நினைக்கிறேன். இருபதாவது பக்கத்தில் மட்டும் மூக்கு நுனி ஒருமுறை துடித்தது. உடனே கரக் டீயை எடுத்து ஒரு வாய் குடித்துக்கொண்டார்.

“மொத்தம் எத்தனை?” என்று அரபியில் கேட்டார்.

எழுத்தர் உஸ்மான், வெள்ளைத் தலைப்பாகை கட்டிய சூடான்காரர், கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டார். “நாற்பத்தொன்று, உஸ்தாதா” என்றார், நம் ‘மேடம்’ போல. “பெருநாளன்று வந்த படத்தில் மட்டும் இரண்டு கழுதைகள் நிற்கின்றன. அதை ஒன்றாகக் கணக்கில் வைப்பதா, இரண்டாகவா என்றுதான் தெரியவில்லை.”

“படங்களை எண்ணுங்கள். கழுதைகளை எண்ண வேண்டாம்.”

மேசைக்கு இந்தப் பக்கம் இரண்டு நாற்காலிகள். ஒன்றில் நான், சட்ட மொழிபெயர்ப்பாளர். இன்னொன்றின் நுனியில் மட்டும் ஒட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார் சேவுகன். சிவகங்கைப் பக்கத்துக்காரர். இங்கே கட்டட சைட்டுகளில் சாரம் கட்டுகிறவர். அந்த நாற்பத்தொரு படங்களையும் தன் ஃபோர்மேனுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பியவர்.

அன்று புதன்கிழமை. வெள்ளிக்கிழமை அவருக்கு ஊருக்கு விமானம். ஞாயிற்றுக்கிழமை கல்யாணம். மாப்பிள்ளையே அவர்தான்.

வழக்கு முடியாமல் அவரால் விமான நிலையத்தைத் தாண்ட முடியாது.

எந்த ஊர் என்று கேட்காதீர்கள்

இந்தத் தொடரில் நான் பெயர்களை மாற்றித்தான் எழுதுகிறேன். மோஸா, உஸ்மான், சேவுகன் எல்லாம் நான் வைத்த பெயர்கள். எந்த எமிரேட், எந்த அலுவலகம் என்பதையும் சொல்லப்போவதில்லை. போன வாரம் நான் நீதித்துறையில் சத்தியப் பிரமாணம் எடுத்த கதையைப் படித்துவிட்டு, “இவ்வளவு மறைக்கிறவர் ஏன் எழுத வேண்டும்?” என்று ஒரு வாசகி கேட்டிருந்தார். நியாயமான கேள்வி. நானும் தினமும் என்னையே கேட்டுக்கொள்கிறேன். கழுதையை மட்டும் மாற்றவில்லை. அதை மாற்றினால் கதையே இல்லை.

நம் ஊரில் போலீஸ் விசாரித்து முடித்த பிறகுதான் அரசு வழக்கறிஞர் வருவார். இங்கே ஃபெடரல் அரசு வழக்கறிஞரே ஆளை எதிரில் உட்கார வைத்து விசாரிப்பார். அந்த அலுவலகத்துக்கு அரபியில் ‘நியாபா’ என்று பெயர். தொழிலாளர் கேம்ப்பில் இருக்கிற நம் ஆட்கள் யாரையாவது “நியாபாவுல கூப்டுருக்காங்க” என்று சொன்னால் அறையே அமைதியாகிவிடும். டிவியைக்கூட நிறுத்திவிடுவார்கள்.

அங்கே வழக்கை நீதிமன்றத்துக்கு அனுப்பலாமா, மூடலாமா என்று முடிவெடுக்கிற முதல் கை அந்த வழக்கறிஞருடையது. கைபேசியில் ஒருவரை இழிவுபடுத்துவது இங்கே விளையாட்டுச் சமாச்சாரம் இல்லை. அபராதம் உண்டு. நாட்டைவிட்டு அனுப்பினாலும் அனுப்புவார்கள். அதுவும் கழுதை. அரபியில் ஒருவரைக் கழுதை என்று சொல்லிவிட்டு அடுத்த வாய் டீயை நிம்மதியாகக் குடிக்க முடியாது.

ஐந்து அண்ணன்களும் ஒரு வழக்கறிஞரும்

மோஸாவுக்கு அப்போது என்னைவிட இரண்டு மூன்று வயது குறைவு. அபாயா அங்கிக்குக் கீழே வெள்ளை ஸ்போர்ட்ஸ் ஷூ போட்டிருப்பார். அறைக்குள் நுழைந்தால் ஊத் அத்தர் வாசனை முதலில் வரும், அவர் பிறகு வருவார்.

ஐந்து அண்ணன்களுக்குப் பிறகு பிறந்தவர். எட்டு வயதில் தன் சாக்லேட் டப்பா காலியானபோது அழவில்லையாம். ஐந்து பேரையும் சுவரோரம் வரிசையாக நிறுத்தி, ஒவ்வொருவராகத் தனி அறைக்குக் கூப்பிட்டுக் கேள்வி கேட்டாராம். மூன்றாவது அண்ணன் ஒப்புக்கொண்டார். “அவன் எடுக்கவே இல்லை. வெளியே காத்திருந்தவர்களின் முகத்தைப் பார்த்துப் பயந்துவிட்டான்” என்று பிற்பாடு ஒருநாள் டீ நேரத்தில் என்னிடம் சொன்னார். “அப்பா அன்றிலிருந்து என்னை வீட்டில் ‘நியாபா’ என்றுதான் கூப்பிடுவார்.”

சட்டம் படித்தார். பயிற்சி முடித்தார். பெரியவர்கள் பக்கத்தில் பல மாதங்கள் வாயைத் திறக்காமல் உட்கார்ந்து பார்த்தார். பிறகு ஒருநாள் அவர் பெயரும் அவர் முத்திரையும் போட்ட முதல் கோப்பு மேசைக்கு வந்தது.

கூடப் படித்தவர்களுக்கு முதல் கோப்பாகப் போலிப் பத்திரம், ஆள்மாறாட்டம் என்று கௌரவமான குற்றங்கள் வந்திருந்தன. இவருக்குக் கழுதை. “உன் முதல் வழக்கு என்னம்மா?” என்று சாப்பாட்டு நேரத்தில் அவருடைய அம்மா கேட்டாராம். விசாரணை விவரங்களை வெளியே சொல்லக் கூடாது என்று சட்டம் இருப்பதற்காக, வாழ்க்கையில் முதல்முறையாகச் சட்டத்துக்கு நன்றி சொன்னதாகச் சொன்னார்.

எந்தப் பக்கம், அம்மா?

நானும் அரசு வழக்கறிஞராக ஆசைப்பட்டவள்தான்.

எங்கள் கடற்கரை ஊரில் பெண்கள் அரபிக் கல்லூரியில் அரபி படித்தேன். பிறகு வாப்பாவிடம் பிடிவாதம் பிடித்துச் சட்டக் கல்லூரியில் சேர்ந்தேன். அங்கே மாதிரி நீதிமன்றம் நடத்துவார்கள். இறுதியாண்டில் எனக்கு அரசு வழக்கறிஞர் வேடம். என் வகுப்புத் தோழி ஸ்டெல்லா குற்றவாளிக் கூண்டில். திருட்டு வழக்கு. அவள் நன்றாக நடிப்பாள். கண்ணில் நீர் தளும்ப என்னைப் பார்த்தாள்.

நான் நீதிபதியிடம் திரும்பி, “அவங்களா இருக்காதுன்னு தோணுது, மை லார்ட்” என்றேன்.

நீதிபதி வேடத்தில் இருந்த பேராசிரியர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, “நீங்க எந்தப் பக்கம், அம்மா?” என்று கேட்டார்.

அந்தக் கேள்வி இன்றுவரை என்னைவிட்டுப் போகவில்லை. உதவி அரசு வழக்கறிஞர் தேர்வுக்கு விண்ணப்பம் போட்டேன். ஹால் டிக்கெட்டும் நிக்காஹ் பத்திரிகையும் ஒரே வாரத்தில் வந்தன. நான் எதற்குப் போனேன் என்பதை நீங்கள் ஊகித்துக்கொள்ளலாம். கணவர் தொலைவில் ருவைஸில் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையில் ஷிஃப்ட் வேலை. நானும் மகள் ஹனாவும் ஷார்ஜாவில். வார இறுதியில் வந்து, துவைக்க வேண்டிய துணிகளையும் அறிவுரைகளையும் கொடுத்துவிட்டுப் போவார்.

“நீ அங்க வக்கீலு இல்ல, வாயி. கேட்டத சொல்லு, சொன்னத கேளு, வந்துரு” என்பார்.

சரிதான். மொழிபெயர்ப்பாளர் எதையும் கூட்டக் கூடாது, குறைக்கவும் கூடாது. எனக்கு மனப்பாடமாகத் தெரியும். தெரிந்திருப்பதுதான் பிரச்சினை.

காலில் விழவா?

விசாரணை தொடங்கியது. என் கைபேசி வாசல் பெட்டியில் இருந்தது. ஹனா நர்சரியில் இருந்தாள். அந்த நேரம் அவள் மூக்கில் பட்டாணி போட்டுக்கொண்டிருப்பாள் என்றும் நர்சரியிலிருந்து என்னை அழைத்துக்கொண்டே இருப்பார்கள் என்றும் எனக்கு உறுதியாகத் தோன்றியது. அவள் அதுவரை ஒருமுறைகூட மூக்கில் எதையும் போட்டதில்லை. அதனால்தான் பயம். எப்போதாவது தொடங்கத்தானே வேண்டும்.

“இந்தப் படங்களை அனுப்பியது நீங்களா?” மோஸா கேட்டார். நான் தமிழில் கேட்டேன்.

“ஆமாங்க மேடம்.”

“உங்கள் ஃபோர்மேன் அபூ கரீமுக்கா?”

“ஆமாங்க மேடம்.”

“இதனால் தான் அவமானப்பட்டதாக அவர் புகார் கொடுத்திருக்கிறார். என்ன சொல்கிறீர்கள்?”

சேவுகன் சடாரென்று எழுந்தார். இரண்டு கையையும் கூப்பினார். வியர்த்திருந்தது. அந்த ஏசிக் குளிரில் எனக்குப் பல் கிட்டிக்கொண்டிருந்தது, அவருக்கு வியர்த்திருந்தது.

“தப்புதாங்க மேடம். மன்னிச்சிடுங்க. இனிமே செய்யவே மாட்டேன். வேணும்னா கால்ல விழுறேன் மேடம்.”

மொழிபெயர்த்தேன். வேறு என்ன செய்வது? தவறுதான் என்கிறார். மன்னிக்கச் சொல்கிறார். இனிச் செய்ய மாட்டாராம். தேவைப்பட்டால் காலில் விழுவாராம்.

மோஸா தன் ஸ்போர்ட்ஸ் ஷூவை மெதுவாக நாற்காலிக்கு அடியில் இழுத்துக்கொண்டார்.

“எழுதுங்கள்” என்றார் உஸ்மானிடம்.

உஸ்மான் இரண்டு விரலால் தட்டச்சு செய்கிறவர். ஒவ்வொரு எழுத்தையும் விசைப்பலகையில் தேடி, கண்டுபிடித்து, மகிழ்ந்து, பிறகு அடிப்பார். திரை என் பக்கம் கொஞ்சம் சாய்ந்திருந்தது. அவர் தொடங்கிய சொல் எனக்குத் தெரிந்தது. ‘ஒப்புக்கொண்டார்’ என்பதற்கான அரபிச் சொல். ஒரு எழுத்து விழுந்தது. இரண்டாவது விழுந்தது.

அது முழுதாக விழுந்துவிட்டால் கல்யாணம் இல்லை.

ஐ டோண்ட் நோ, பட் ஸாரி

இங்கே நான் ஒரு நாள் பின்னால் போக வேண்டும்.

முந்தைய நாள் மதியம் எங்கள் ஃப்ளாட் ஹாலில் தரை முழுக்கத் தண்ணீர். கால் வழுக்கி சோபாவைப் பிடித்துக்கொண்டு, “யாரு இது?” என்று கத்தினேன். வீட்டில் நானும் மூன்றரை வயது ஹனாவும் மட்டும். கத்தினேன் என்பதற்காக அன்று மாலை முழுக்க வருந்தினேன், அது வேறு.

ஹனா உள்ளேயிருந்து ஓடிவந்தாள். முகத்தைப் பரிதாபமாக வைத்துக்கொண்டு, “ஸாரி உம்மா. ஐ டிட் இட்” என்றாள்.

அந்த நேரம் மேலேயிருந்து சொட்டென்று ஒரு துளி என் நெற்றியில் விழுந்தது. ஏசி ஒழுகிக்கொண்டிருந்தது. அவள் உயரத்துக்கு இரண்டு மடங்கு மேலே.

“நீ என்னம்மா செஞ்சே?”

“ஐ டோண்ட் நோ. பட் ஸாரி.”

அவள் மணல்காற்றுக்கும் மன்னிப்புக் கேட்டிருக்கிறாள். லிஃப்ட் நின்றபோது கேட்டிருக்கிறாள். குரல் உயர்ந்தால் மன்னிப்பை முதலில் கொடுத்துவிடுவாள், குற்றத்தைப் பிறகு தேடுவோம் என்று. இது என் வளர்ப்பின் கோளாறா என்று பல வலைத்தளங்களில் படித்துப் பார்த்தேன். ஆம் என்று பாதியும், இல்லை என்று பாதியும் சொல்கின்றன.

மூன்றாவது எழுத்து விழுந்தபோது எனக்கு அந்த ஏசித் துளிதான் ஞாபகம் வந்தது. சேவுகனும் அப்படித்தான். சூப்பர்வைசர், போலீஸ், பாங்க் மேனேஜர், யார் முன்னால் நின்றாலும் நம் ஆட்கள் மன்னிப்பை முதலில் மேசைமேல் வைத்துவிடுவார்கள். எதற்கு என்று யாரும் கேட்பதில்லை. அவர்களுக்கும் தெரியாது.

ஆனால் இதை நான் எப்படிச் சொல்வது? நான் சாட்சி இல்லை. வக்கீல் இல்லை. வாய்.

உஸ்மான் அடுத்த எழுத்தைத் தேடிக்கொண்டிருந்தார். நல்ல மனிதர், கிடைக்கவில்லை.

கையைத் தூக்கினேன். பள்ளிக்கூடத்தில்கூட நான் கை தூக்கியதில்லை, பாத்ரூம் போவதற்குக்கூட.

மோஸா நிமிர்ந்து பார்த்தார். “உடம்பு சரியில்லையா?”

“இல்லை உஸ்தாதா. அவர் மன்னிப்புக் கேட்டதை மொழிபெயர்த்துவிட்டேன். எதற்காக மன்னிப்பு என்பதை அவர் சொல்லவில்லை. அது தெளிவாக இல்லை. தெளிவில்லாததைச் சுட்டிக்காட்ட மொழிபெயர்ப்பாளருக்கு அனுமதி உண்டு. உண்டு என்றுதான் நினைக்கிறேன். பயிற்சியில் சொன்னார்கள். எந்தப் பக்கம் என்று மறந்துவிட்டது.”

உஸ்மானின் விரல் காற்றிலேயே நின்றது.

மோஸா என்னை நெடுநேரம் பார்த்தார். இப்போது என் உரிமம் போகப்போகிறது, ருவைஸுக்குப் போய்க் கணவரின் துணியைத் துவைத்துக்கொண்டு காலம் தள்ளப்போகிறேன் என்று நான் முடிவு செய்திருந்தேன். அவர் நினைத்துக்கொண்டிருந்தது தன் மூன்றாவது அண்ணனை. இது எனக்குப் பல மாதம் கழித்துத்தான் தெரிந்தது.

“அழியுங்கள்” என்றார் உஸ்மானிடம். பிறகு சேவுகனைப் பார்த்து, “உட்காருங்கள். எதற்காக மன்னிப்புக் கேட்டீர்கள்?”

கழுதைக்கு மதம் கிடையாது

சேவுகன் என்னைப் பார்த்தார், அவரைப் பார்த்தார், மறுபடி என்னைப் பார்த்தார்.

“தெரியலைங்க மேடம். எல்லாரும் கோவமா இருந்தாங்க. அதான்.”

“படங்களை ஏன் அனுப்பினீர்கள்?”

“நல்லதுக்குத்தாங்க.”

“யாருடைய நல்லதுக்கு?”

“சாருக்குத்தாங்க மேடம்! காலங்காத்தால கழுதைய பாத்தா யோகம் வரும்ல. எங்க ஊர்ல டீக்கடை, மளிகைக்கடை, சலூன்னு எல்லாத்துலயும் மாட்டியிருப்பாங்க. படத்துலயே எழுதியிருக்கே, பாக்கலையா?”

கோப்பில் எழுத்து எதுவும் இல்லை. அச்செடுத்தவர்கள் பக்கத்துக்கு அடங்கவில்லை என்று அடியை வெட்டியிருந்தார்கள். மோஸா சேவுகனின் கைபேசியைக் கொண்டுவரச் சொன்னார். கண்ணாடி மூலையில் உடைந்த போன். படத்தைத் திறந்தோம். வண்ணத்தில் அந்தக் கழுதை அழகாகவே இருந்தது. கீழே சிவப்புப் பட்டையில் தமிழ் எழுத்து.

“இதை மொழிபெயர்க்கலாம். இது உங்கள் வேலைதான்” என்றார் மோஸா.

“‘என்னைப் பார், யோகம் வரும்’” என்று வாசித்து, அரபியில் சொன்னேன். என் வாழ்க்கையில் இவ்வளவு நிம்மதியாக எதையும் மொழிபெயர்த்ததில்லை.

உஸ்மான் தானாகவே கணினியில் தேடினார். நம் ஊர்க் கடைகளின் படங்கள் வரிசையாக வந்தன. ஜவுளிக்கடைக் கல்லாவுக்குப் பின்னால் கழுதை. மருந்துக்கடையில் கழுதை. ஒரு வீட்டு வாசலில் கழுதை, அதற்கு மாலை. நியாபா அலுவலகத்தில் ஒரு ஃபெடரல் அரசு வழக்கறிஞர், ஒரு எழுத்தர், ஒரு மொழிபெயர்ப்பாளர், ஒரு குற்றஞ்சாட்டப்பட்டவர், நான்கு பேரும் ஒரே திரையில் குனிந்து கழுதை பார்த்துக்கொண்டிருந்தோம்.

“இந்தக் கட புதுக்கோட்டையில இருக்கு மேடம்” என்றார் சேவுகன், பெருமையாக.

“ஏன் கழுதை?” என்று மோஸா கேட்டார். “காலை வணக்கம் சொல்ல ஒரு பூ அனுப்பியிருக்கலாமே?”

“யோசிச்சேன் மேடம். ரூமுல எல்லாருக்கும் சாமி படந்தான் அனுப்புவேன். சாரு வேற மதம், சாமி படம் போட்டா மரியாத இல்ல. ரோஜாப்பூ போடலாம்னு பாத்தேன். ஆம்பளைக்கு ஆம்பள தெனமும் ரோஜாப்பூ அனுப்புனா சாரு வேற மாதிரி நெனச்சிருவாரு. ஒரு வாரம் யோசிச்சு, ரூம் ஆளுங்ககிட்ட கலந்து பேசித்தான் இத எடுத்தோம். கழுதைக்கு மதம் கிடையாதுல்ல மேடம்.”

மொழிபெயர்த்து முடித்தேன். மோஸா டீயை எடுத்தார். கோப்பை காலியாகித்தான் இருந்தது. ஆனாலும் வெகுநேரம் குடித்தார்.

அபூ கரீமின் மனக்காயம்

புகார் கொடுத்தவரை உள்ளே அழைத்தார்கள். அபூ கரீம் எகிப்துக்காரர். அகலமான தோள், இஸ்திரி போட்ட சட்டை, சைட்டில் கத்திக் கத்தித் தேய்ந்த குரல். எதிரில் சேவுகன் இருப்பதையே பார்க்காதவர் போல உட்கார்ந்தார்.

“முதல் நாள் தவறி வந்தது என்று விட்டேன்” என்றார். “இரண்டாம் நாள் வந்தது. ஒரு வாரம் வந்தது. தடை செய்யவும் முடியாது, ட்யூட்டி விவரமெல்லாம் அந்த எண்ணில்தான். கடைசியில் சைட்டில் போனை நீட்டி, இது என்ன என்று இந்தியில் கேட்டேன், ‘யே க்யா ஹை?’ அவன் பல்லெல்லாம் தெரியச் சிரித்துக் கட்டைவிரலைக் காட்டி, ‘அச்சா ஹை பாஸ், ஆப் கே லியே’ என்கிறான்! நல்லதாம், உங்களுக்குத்தானாம்! பெருநாளன்று ஒன்றுக்கு இரண்டாக அனுப்புகிறான்!”

“பெருநாளாச்சேன்னு ஜோடியா அனுப்பினேங்க” என்று சேவுகன் என்னிடம் முணுமுணுத்தார்.

“வேறு யாராவது அனுப்பியிருந்தால் அடுத்த நாளே வேறு சைட்டுக்கு மாற்றியிருப்பேன்” என்றார் அபூ கரீம். குரல் இறங்கியது. “இவன் கட்டிய சாரத்தில் நான் கண்ணை மூடிக்கொண்டு ஏறுவேன். இவனே என்னைப் பற்றி இப்படி நினைக்கிறானே என்றுதான்.”

மோஸா விளக்கினார். கடைகளின் படங்களைக் காட்டினார். அபூ கரீம் ஒவ்வொன்றையும் சந்தேகத்தோடு பார்த்தார்.

“யோகமா? எனக்கு என்ன யோகம் வந்தது?”

நான் மொழிபெயர்த்ததும் சேவுகன் விரல்விட்டு எண்ண ஆரம்பித்தார். அதுவரை நுனியில் இருந்தவர் அப்போதுதான் நாற்காலியில் முழுதாக உட்கார்ந்தார்.

“சாரோட குடும்பத்துக்கு விசிட் விசா ரெண்டு தடவ நின்னு போச்சு. நான் அனுப்ப ஆரம்பிச்ச மொத வாரமே வந்துச்சா இல்லையா? சாரை டெய்லி திட்டிக்கிட்டு இருந்தாரே மேனேஜரு, அவர தம்மாமுக்கு மாத்துனாங்களா இல்லையா? காணாப்போன கார் சாவி சிமெண்ட் மூட்டைக்கு அடியில கெடச்சுச்சா இல்லையா? கேளுங்கக்கா.”

கேட்டேன்.

அபூ கரீம் கூரையைப் பார்த்தார். உதடு அசைந்தது, நாட்களைக் கூட்டிக்கொண்டிருந்தார்.

“என் சிறுநீரகத்தில் கல் வந்ததே?” என்றார், கடைசி ஆயுதத்தை எடுத்தவர் போல. “ஐந்து நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தேனே?”

“அந்த வாரம் என் டேட்டா தீந்துபோச்சுங்க சார்” என்றார் சேவுகன், உண்மையான வருத்தத்தோடு.

உஸ்மான் யாரும் சொல்லாமலே கோப்பை இழுத்துப் படங்களின் தேதிகளைப் பார்த்தார். பார்த்துவிட்டு நிமிர்ந்து மெதுவாகச் சொன்னார்: “ஐந்து நாள் இடைவெளி இருக்கிறது, உஸ்தாதா.”

வியாழக்கிழமை கையெழுத்து

அபூ கரீம் எழுந்துபோய் ஜன்னலோரம் நின்றார். வெளியே வெயிலில் வண்டி நிறுத்துமிடம் வெள்ளையாகக் கொதித்துக்கொண்டிருந்தது. சேவுகனின் கைகள் மறுபடி கூப்பத் தயாராக மேலே வந்தன. நான் தொண்டையைச் செருமினேன். கைகள் இறங்கின. தொண்டையைச் செருமுவது மொழிபெயர்ப்பில் கூட்டுவதாகுமா என்று அன்றிலிருந்து யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

“புகாரைத் திரும்பப் பெறுகிறேன்” என்றார் அபூ கரீம், ஜன்னலைப் பார்த்தபடியே.

மோஸாவின் தோள் ஒரு விரற்கடை இறங்கியது. குரல் மட்டும் மாறவில்லை. அவமதிக்கும் நோக்கம் இல்லை, புகார்தாரர் முழு மனத்தோடு திரும்பப் பெற்றார், பயணத் தடையை நீக்கலாம் என்று வரிவரியாகச் சொல்லச் சொல்ல, உஸ்மான் எழுத்து எழுத்தாகத் தேடினார். நாளை மதியத்துக்குள் தலைமை வழக்கறிஞரின் கையெழுத்து வாங்கித் தருவதாக மோஸா சொன்னார். வாங்கியும் தந்தார். மாடிக்குத் தானே கோப்பை எடுத்துக்கொண்டு போனதாகவும், தலைமை வழக்கறிஞர் கதவைச் சாத்திவிட்டு அரைமணி நேரம் வெளியே வரவே இல்லை என்றும், உள்ளேயிருந்து இருமல் போல ஏதோ சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது என்றும் உஸ்மான் சொன்னார்.

மோஸா இப்போது பெரிய பொறுப்பில் இருக்கிறார். பெரிய பெரிய குற்றங்களை விசாரிக்கிறார். யாராவது அவர் முன்னால் அவசரமாகத் தவறை ஒப்புக்கொண்டால், “எதற்கு?” என்றுதான் முதலில் கேட்பார் என்று கேள்வி.

ஆனால் அந்தப் புதன்கிழமை இன்னும் முடியவில்லை. அபூ கரீம் படிவத்தில் கையெழுத்துப் போட்டார். பேனாவை மூடினார். எழுந்திருக்கவில்லை.

“இன்னும் ஏதாவது?” என்றார் மோஸா.

“இவன் இரண்டு மாத லீவில் போகிறான்.”

“ஆமாம். திருமணம்.”

“போகட்டும். அல்லாஹ் நல்லபடியாக்கட்டும்.” அபூ கரீம் சட்டைக் காலரைச் சரிசெய்தார். யார் கண்ணையும் பார்க்கவில்லை. “அந்த இரண்டு மாதத்துக்கு யார் அனுப்புவார்கள்?”

உஸ்மானின் விரல்கள் நின்றன. “இதையும் பதிவு செய்யவா, உஸ்தாதா?”

மோஸா நாற்காலியைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். தோள் மட்டும் குலுங்கியது.

நான் தமிழில் சொன்னேன். சேவுகன் முகம் மலர்ந்தது. “அங்கயும் நெட்டு இருக்குங்க சார்! ஒரு நாளும் விடமாட்டேன். கல்யாணத்தன்னிக்குந்தான். தாலி கட்டுறதுக்கு முன்னாடி அனுப்பிட்டுத்தான் கட்டுவேன்.”

அதையும் சொன்னேன். அபூ கரீம் ஃபோர்மேன் குரலில், ட்யூட்டி ஒதுக்குகிறவர் போலக் கேட்டார்: “எத்தனை மணிக்கு?”

“முகூர்த்தம் ஆறரைக்குங்க. இங்க அஞ்சு மணி. சாரு தூங்கிக்கிட்டு இருப்பாரே?”

அபூ கரீம் சற்று யோசித்தார்.

“பரவாயில்லை” என்றார். “ஃபஜ்ர் தொழுகைக்கு எழுந்துவிடுவேன்.”